ஒரு போன்... மூணு பேர்... ஒரு டிகிரி! ராமேஸ்வரம் கரைக்கு ஆன்லைன் வகுப்பு எப்படி வரணும்?

இரவு மணி 11.40.

தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு மாணவியைக் கற்பனை பண்ணிக்கோங்க. வீட்டில் மொத்தமே ஒரு ஸ்மார்ட்போன்தான். அப்பா கடலுக்குப் போற நாள்ல போனும் அவரோட போயிடும். கரையில இருக்கிற நாள்ல தம்பியோட ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புக்கு முதல் உரிமை. எல்லாம் முடிஞ்சு போன் அவங்க கைக்கு வர்றப்போ 11.40. அசைன்மென்ட் அப்லோடு பண்ணக் கடைசி நேரம் 11.59.

லாக்-இன் பண்றாங்க. வட்டம் சுத்துது. ஓ.டி.பி வரலை. மறுபடியும் முயற்சி பண்றாங்க. 11.52. உள்ளே போயாச்சு. ஃபைல் சைஸ் அதிகம்னு சொல்லுது. 11.57. சைஸைக் குறைச்சு மறுபடி ஏத்துறாங்க. வட்டம் சுத்துது... சுத்துது...

12.00. 'சமர்ப்பிக்கும் நேரம் முடிந்தது.'

இதுல தப்பு யார் மேல? 'முன்கூட்டியே பண்ணியிருக்கலாம்ல'ன்னு சொல்றது ஈஸி. ஆனா, இந்தக் கதையில் மாணவி படிச்சிருக்காங்க, எழுதியிருக்காங்க, முயற்சியும் பண்ணியிருக்காங்க. சாஃப்ட்வேரும் அதுக்குச் சொன்ன வேலையைத்தான் செஞ்சது. தோத்துப்போனது திட்டம். அந்தத் தளத்தைக் கொண்டு வந்தவங்க, 11.40-க்கு போன் கிடைக்கிற ஒருத்தரை மனசுல வெச்சு அதைத் திட்டமிடலை.

ஒரு பல்கலைக்கழகம் ஆன்லைன் கற்றல் தளத்தைக் கொண்டு வர்றதுன்னா என்ன, அதை எங்கிருந்து தொடங்கணும், மாணவரா நீங்க எதைக் கேட்கணும்... எல்லாத்தையும் நம்ம ராமநாதபுரம் கரையில நின்னு பார்ப்போம், வாங்க.

முதல்ல, இந்தத் தளம்னா என்ன?

ஜூம்ல கிளாஸ் எடுக்கிறது ஆன்லைன் தளம் இல்லை. அது வெறும் வீடியோ கால். வாட்ஸ்அப் குரூப்ல நோட்ஸ் போடுறதும் தளம் இல்லை. கல்லூரியில வகுப்பறை, நூலகம், நோட்டீஸ் போர்டு, வருகைப் பதிவேடு, தேர்வு அறை எல்லாம் இருக்குல்ல? அது அத்தனையும் ஒரே லாக்-இன்ல கிடைச்சா, அதுதான் கற்றல் மேலாண்மைத் தளம். சுருக்கமா எல்.எம்.எஸ்.

ஆன்லைன் பாடத்துக்கு நாலு பகுதி இருக்கணும்னு யு.ஜி.சி சொல்லுது. பாட வீடியோ, படிக்கிறதுக்கான எழுத்து வடிவப் பாடம், உங்களை நீங்களே சோதிச்சுக்கிற தேர்வு, சந்தேகம் கேட்டுப் பேச ஓர் இடம். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் பாடம் முழுசு இல்லை.

'நான் ரெகுலர் காலேஜ் ஸ்டூடன்ட். இது எனக்கு எதுக்கு?'ன்னு நினைக்காதீங்க. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவிகிதம் வரைக்கும் ஸ்வயம் வழியா படிச்சு, அந்த கிரெடிட்டை டிகிரியில் சேர்த்துக்கலாம்னு 2021-ல் யு.ஜி.சி விதி கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி இந்த வரம்பு 20 சதவிகிதம். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் வந்த பிறகு, திறன் பயிற்சிப் பாடங்களும் தளம் வழியாவே வருது. ஆக, வகுப்பறையில உட்கார்ந்து படிக்கிறவங்களுக்கும் டிகிரியின் ஒரு பகுதி இப்போ போன் வழியாத்தான் வருது.

பாலம் தாண்டி வர்ற பாடம்

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், படிப்புக்காக முதல்ல ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போனார். அப்புறம் திருச்சி. அப்புறம் சென்னை. இந்தக் கரையில படிப்புன்னா ரொம்ப காலமா இதுதான் பாதை. பாம்பன் பாலத்தைத் தாண்டணும், ஊரை விட்டுப் போகணும்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை நீளம் சுமார் 237 கி.மீ. இவ்வளவு நீளமான கரையில் ஊர்கள் சிதறிக் கிடக்கு. இங்கே இருக்கிற கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான பல்கலைக்கழகம், காரைக்குடியில் 1985-ல் தொடங்கப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகம். சிவகங்கை, ராமநாதபுரம் ரெண்டு மாவட்டமும் அதோட எல்லைக்குள்ளதான். தொலைநிலைக் கல்வியும் ஆன்லைன் படிப்புகளும் அங்கே இருக்கு. கடலியல் துறை நம்ம தொண்டியிலயே இருக்கு. ஆனா, ஒரு சான்றிதழ் விஷயமா ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறினா, போய்த் திரும்ப ஒரு நாள் போயிடும். அந்த நாள் கூலியும் போயிடும்.

அதனாலதான் ஆன்லைன் தளம் இங்கே ஃபேஷன் விஷயம் இல்லை. நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற மத்திய அரசு 2018-ல் தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு விருதுநகர், இன்னொண்ணு ராமநாதபுரம். கல்யாணமான பிறகு படிப்பை விட்ட அக்காவுக்கும், பாசி எடுக்கப் போயிட்டே படிக்க நினைக்கிற பொண்ணுக்கும், வெளிநாட்டுல வேலை பார்த்துட்டே டிகிரி முடிக்க நினைக்கிற கீழக்கரைப் பையனுக்கும், இந்தத் தளம் ஒரு பாலம். ஆனா, பாலத்தை அவசரத்துல கட்டக் கூடாது.

திட்டமே இல்லாம ஒரு தடவை பண்ணிப் பார்த்தோம்!

2020 மார்ச். கொரோனா ஊரடங்கு. நாடு முழுக்கக் கல்லூரிகள் ஆன்லைனுக்கு மாற வேண்டியதாச்சு. அது யாரும் திட்டமிட்டதில்லை, வேற வழியும் இல்லை. அதனால அந்த அவசரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனா, அதுல கத்துக்கிட்ட பாடத்தை மறக்கக் கூடாது.

முதல் பாடம், டேட்டா. வகுப்பு தொடங்கி பல மாசம் கழிச்சுத்தான் அதுக்கு விடை வந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம்னு தமிழக அரசு அறிவிச்சது. நல்ல திட்டம்தான். ஆனா, டேட்டா கார்டு செருக ஒரு போன் வேணுமே? போன் இருந்தாலும் அது நம்ம கையில இருக்கிற நேரம் வேணுமே?

ரெண்டாவது பாடம், வானிலை. 2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் கரையை ஒட்டியே வலுவிழந்து நின்னது. அப்படிப்பட்ட நாள்ல கரன்ட் போகும். கரன்ட் போனா, கொஞ்ச நேரத்துல செல்போன் டவரும் தடுமாறும். வகுப்பு ஆன்லைன்ல நடக்குதுன்னா, 'மழை வந்தா லீவு'ங்கிற பழைய கணக்கு எப்படி மாறணும்னு யாரும் அதுவரை யோசிக்கலை.

சர்வேயை கூகுள் ஃபார்ம்ல எடுக்காதீங்க

ஒரு பல்கலைக்கழகம் தளம் கொண்டு வரப்போகுதுன்னா, வழக்கமா முதல் கூட்டத்துல என்ன நடக்கும்? எந்த சாஃப்ட்வேர், எவ்வளவு விலை, எந்தத் தேதியில திறப்பு விழா? இந்த மூணுமே கடைசியில வர வேண்டிய கேள்விகள்.

முதல் கேள்வி, 'யாருக்கு?'

அதைத் தெரிஞ்சுக்க ஒரு சர்வே எடுப்பாங்க. கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. 'உங்களிடம் இணைய வசதி உள்ளதா?'ன்னு ஒரு கேள்வி இருக்கும். 95 சதவிகிதம் பேர் 'ஆம்'னு சொன்னதா ரிப்போர்ட் வந்தா ஆச்சர்யப்படாதீங்க. இணையம் இல்லாதவங்க அந்த ஃபார்மைத் திறந்திருக்கவே மாட்டாங்களே! மீன் பிடிக்கப் போனவர்கிட்ட, கரையில நின்னு வருகைப் பதிவு எடுக்கிற மாதிரிதான் அது.

இந்தக் கரைக்கான சர்வேயை காகிதத்துல, கல்லூரி சேர்க்கை நாள்லயே எடுக்கணும். கேள்விகளும் வேற மாதிரி இருக்கணும். போன் உங்களோடதா, வீட்டோடதா? எத்தனை பேர் பகிர்ந்துக்கிறீங்க? ஒரு நாள்ல எந்த நேரத்துல அது உங்க கையில இருக்கும்? அதுல எவ்வளவு இடம் காலியா இருக்கு? வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்குமா, மாடிக்கு ஏறணுமா? ரீசார்ஜ் தீர்ந்தா எத்தனை நாள்ல மறுபடி போடுவீங்க?

இந்தப் பதில்கள்ல யாருக்கு நிலைமை ரொம்ப மோசமோ, அவங்களுக்குத் தளம் வேலை செய்யுதான்னு முதல்ல பார்க்கணும். அவங்களுக்கு வேலை செஞ்சா, ஃபைபர் இன்டர்நெட் வெச்சிருக்கிறவங்களுக்குத் தானாவே வேலை செய்யும். தலைகீழா நடக்காது.

ஒரு சின்ன கணக்கு போடுவோமா?

வாரத்துக்கு 24 மணி நேரம் வகுப்புன்னு வெச்சுக்கோங்க. சுமாரான தரத்துல, அதாவது நொடிக்கு 1 மெகாபிட் வேகத்துல ஒரு மணி நேர வீடியோ பார்த்தா 450 எம்.பி செலவாகும். 24 மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. தினம் 1.5 ஜிபி கிடைக்கிற ரீசார்ஜ்ல ஒரு வாரத்துக்குக் கிடைக்கிறது 10.5 ஜிபி. அதாவது, ஒரே ஒரு பிள்ளையோட வகுப்பு, மொத்தக் குடும்பத்தோட டேட்டாவையும் முழுங்கிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கும்.

அதே பாடத்தை நொடிக்கு 32 கிலோபிட் ஆடியோவா கொடுத்தா? ஒரு மணி நேரத்துக்கு 14.4 எம்.பி. வாரம் முழுக்கச் சேர்த்தாலும் 350 எம்.பி-க்குள்ள முடிஞ்சிடும். கூடவே ரெண்டு எம்.பி-ல ஒரு பி.டி.எஃப் நோட்ஸ். போர்டுல வரைஞ்சு விளக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் பத்து நிமிஷ வீடியோ. பாடம் குறையலை, சுமைதான் குறைஞ்சது.

'ஆடியோல பாடமா?'ன்னு சிரிக்காதீங்க. பாம்பன்ல 'கடல் ஓசை 90.4' சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகுது. படகுல போறவங்க கையும் கண்ணும் வேலையில இருக்கும், காது மட்டும்தான் ஃப்ரீன்னு தெரிஞ்ச ஊர் இது. கேட்கிறவங்க எங்கே இருக்காங்களோ, அங்கே போய்ச் சேர்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறதுதான் விஷயம்.

இன்னொரு முக்கியமான வசதி, ஆஃப்லைன். உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துற 'மூடுல்' தளம் 2002-ல் வந்தது. அதை உருவாக்கின மார்ட்டின் டூகியாமாஸ், சின்ன வயசுல ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிப் பாடத்தை சிற்றலை ரேடியோ வழியா கேட்டுப் படிச்சவர். அந்தத் தளம் இலவசம். அதோட மொபைல் ஆப்ல பாடத்தை டவுன்லோடு பண்ணிக்கலாம். ஆசிரியர் அனுமதிச்சா, சிக்னல் இல்லாமலே வினாடி-வினாவுக்கு விடை எழுதலாம். அப்புறம் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் தானா சேர்ந்துக்கும். ஆனா, அந்த ஆஃப்லைன் அனுமதிக்கான பட்டனை ஆசிரியர்தான் ஆன் பண்ணணும். அது இருக்குன்னே சொல்லித் தரலைன்னா, வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தமிழ் மீடியம் மாணவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின நோட்ஸை அப்படியே ஏத்திடுவாங்க. போன்ல திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா புரியாத மொழியில நிக்கும். யூனிகோடுல மாத்தி ஏத்தறது ஆசிரியருக்கு ஒரு நாள் வேலை. மாத்தலைன்னா, மாணவருக்கு ஒரு செமஸ்டர் தொல்லை.

தளத்தோட கடிகாரத்துக்கு லீவு சொல்றது யாரு?

கடல்ல காத்து அதிகம்னு எச்சரிக்கை வந்தா, மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காது. பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க. படகு கரையிலயே நிக்கும். 'நீ ஏன் இன்னைக்குக் கடலுக்குப் போகலை?'ன்னு யாரும் மீனவர்கிட்ட கேட்க மாட்டாங்க. வானிலையை மதிக்கிற ஒரு விதி கடலுக்கு இருக்கு.

கனமழைன்னா கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். கல்லூரிக்கு லீவு. ஆனா, தளத்துல 11.59 மட்டும் அப்படியே இருக்கும். அதுக்கு யாரும் லீவு சொல்றதில்லை.

2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ-க்கும் மேல மழை கொட்டினது ஞாபகம் இருக்கா? தெருவெல்லாம் தண்ணி. அப்படி ஒரு நாள் இரவுல அசைன்மென்ட் கெடு இருந்தா என்ன ஆகும்?

இதுக்குத் தீர்வு தொழில்நுட்பத்துல இல்லை, ஒரு பக்க விதியில இருக்கு. மாவட்டத்துக்கு விடுமுறை அறிவிச்சா, அந்த மாவட்ட மாணவர்களுக்கு எல்லாக் கெடுவும் தானாவே மூணு நாள் தள்ளிப்போகும். மாணவர் மனு எழுத வேண்டாம், கெஞ்ச வேண்டாம். தளத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடியே இந்த விதி எழுதப்பட்டிருக்கணும்.

காலண்டரும் கரைக்கு ஏத்த மாதிரி இருக்கணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டு வருமானம் சுருங்கும். சரியா அந்த நேரத்துலதான் செமஸ்டர் தேர்வும், அடுத்த கட்டணமும் வரும். புது தளத்தின் முதல் பெரிய தேர்வை நவம்பர்லயும், கட்டணக் கெடுவை மே மாசத்துலயும் வெச்சா, அது காரைக்குடியிலயோ சென்னையிலயோ நல்ல திட்டமா தெரியலாம். ராமேஸ்வரத்துல அப்படித் தெரியாது.

ஒரே நாள்ல திறக்காதீங்க... ப்ளீஸ்!

ரிப்பன் வெட்டி, பட்டன் அமுக்கி, 'இன்று முதல் அனைத்துத் துறைகளும்'னு அறிவிக்கிறது பார்க்க நல்லாருக்கும். ஆனா, இந்தக் கணக்கைப் பாருங்க. 10,000 மாணவர்கள், ஆளுக்கு 5 எம்.பி ஃபைல், எல்லாருக்கும் ஒரே கெடு. கடைசி அரை மணி நேரத்துல மட்டும் 50 ஜிபி அந்த சர்வரை முட்டும். தளம் படுத்துடும். துறைவாரியா பத்து நாளுக்குக் கெடுவைப் பிரிச்சுக் கொடுத்தா, அதே சர்வர் அலட்டிக்காம வேலை பார்க்கும். பைசா செலவில்லாத தீர்வு!

சரியான வரிசை இப்படித்தான் இருக்கணும்:

முதல் செமஸ்டர்: ஒரே ஒரு துறை, ரெண்டு மூணு கல்லூரி. அதுல ஒண்ணு கட்டாயம் தீவுல அல்லது கரையில இருக்கணும். நகரத்துல மட்டும் சோதிச்சுப் பார்த்தா அது சோதனையே இல்லை. மார்க் எதுவும் தளத்தை நம்பி இருக்கக் கூடாது.

ரெண்டாவது செமஸ்டர்: பழைய முறையும் புது முறையும் சேர்ந்தே ஓடணும். தளத்துல ஏத்த முடியலைன்னா, காகிதத்துல எழுதிக் கல்லூரியில கொடுக்கலாம். ரெண்டுக்கும் ஒரே மார்க்.

மூணாவது செமஸ்டர்: எங்கெங்கே சிக்குச்சுன்னு பட்டியல் போட்டு, சரி பண்ணி, அதுக்கப்புறம் மத்த துறைகள். 'எத்தனை பேர் லாக்-இன் பண்ணினாங்க'ன்னு பார்க்காம, 'யார் ரெண்டு வாரமா லாக்-இன் பண்ணலை'ன்னு பார்த்து அவங்களுக்கு போன் போடணும்.

என் கதையையும் சொல்லிடுறேன். டிப்ளோமா படிச்சப்போ ஒரு ப்ராஜெக்ட்டை ஆன்லைன்ல சமர்ப்பிக்கணும். 2 எம்.பி-க்கு மேல ஏத்துக்காது. அது ஏத்துக்காதுங்கிறதை, ஏத்தின பிறகுதான் சொல்லும். பிரவுசிங் சென்டருக்கு ஓடி, காசு கொடுத்து ஃபைல் சைஸைக் குறைச்சேன். போட்டோவெல்லாம் மங்கிப்போய், யார் முகமும் தெரியலை. அந்த வரம்பை முதல் பக்கத்துலயே ஒரு வரியில எழுதியிருந்தா போதும். அந்த ஒரு வரியை எழுத வைக்கிறதுக்குத்தான் முன்னோட்டமே.

சாஃப்ட்வேர் இலவசம்... ஆள் இலவசம் இல்லை

அமெரிக்காவின் எம்.ஐ.டி-யும் ஹார்வர்டும் இடெக்ஸ் தளத்துல நடத்தின பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து, 2019-ல் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் சேர்ந்தவங்கள்ல பாடத்தை முடிச்சவங்க 3.13 சதவிகிதம் பேர்தான்! உலகத்தோட பெரிய பேராசிரியர்கள், பிரமாதமான வீடியோ. அப்படியும் நூத்துக்கு மூணு பேர். சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவங்கள்ல மட்டும் அது 46 சதவிகிதம். முடிச்சே ஆகணும்னு ஒரு பிடிப்பு இருந்தவங்கள்லகூட பாதிக்கு மேல நின்னுட்டாங்க.

வீடியோவை ஏத்தி வெச்சா படிச்சுடுவாங்கங்கிறது ஒரு நம்பிக்கை மட்டும்தான். படிக்க வைக்கிறது ஆள்தான். 'அக்கா, ஓ.டி.பி வரலை'ன்னு கேட்டா, 'இருப்பா, பார்த்துச் சொல்றேன்'னு தமிழ்ல பதில் சொல்ற ஒரு குரல். அதுவும் காலை 10 முதல் 5 வரை மட்டும் இல்ல. மாணவர்கள் லாக்-இன் பண்ற ராத்திரி நேரத்துலயும் வேணும்.

நம்மை விடக் கஷ்டமான கடல்ல இதைப் பண்ணிக் காட்டினவங்க இருக்காங்க. 1968-ல் ஃபிஜியில தொடங்கப்பட்ட தென் பசிபிக் பல்கலைக்கழகம், 12 தீவு நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் பொதுவானது. நடுவுல ஆயிரக்கணக்கான கி.மீ கடல். அவங்க செயற்கைக்கோள் வழியா பாடத்தை அனுப்பினாங்க. ஆனா, அதோட நிறுத்தலை. தீவுகள்லயே வளாகங்களும் மையங்களும் வெச்சாங்க. கம்ப்யூட்டர், நெட், உட்கார இடம், கேட்க ஆள் எல்லாம் அங்கே இருக்கும். தளம் வானத்துல இருந்தாலும் படி தரையில இருந்தது.

நம்ம பக்கத்துலயே ஓர் உதாரணம், சென்னை ஐ.ஐ.டி 2020 ஜூன்ல அறிவிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. பாடமும் வாராந்தர அசைன்மென்ட்டும் ஆன்லைன்ல. ஆனா, முக்கியமான தேர்வுகளை நேர்ல மையத்துக்குப் போய்த்தான் எழுதணும். எதை ஆன்லைன்ல வைக்கணும், எதை வைக்கக் கூடாதுங்கிற முடிவும் திட்டமிடல்ல ஒரு பகுதிதான்.

ராமேஸ்வரம், ராமநாதபுரம், கீழக்கரை, முதுகுளத்தூர், பரமக்குடின்னு ஏற்கெனவே கல்லூரிகள் இருக்கிற ஊர்கள்ல, ஆளுக்கொரு அறையை சாயந்தரம் திறந்து வெச்சா போதும். பத்து கம்ப்யூட்டர், ஒரு யு.பி.எஸ், ஒரு உதவியாளர். வீட்டுல போன் கிடைக்காத அந்த மாணவிக்கு, அந்த அறைதான் தளம்.

நீங்க கேட்க வேண்டிய கேள்விகள்

உங்க கல்லூரியில புது தளம் வருதா? அல்லது, ஆன்லைன் டிகிரியில சேர யோசிக்கிறீங்களா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க.

1. பாடத்தை டவுன்லோடு பண்ணி, நெட் இல்லாம படிக்க முடியுமா?

2. நோட்ஸ் தமிழ்ல, யூனிகோடுல இருக்கா? போன் திரையில படிக்க முடியுதா? ஒரு மாதிரிப் பாடத்தைக் காட்டச் சொல்லுங்க.

3. அப்லோடு ஆகலைன்னா மாற்று வழி என்ன? அது எழுத்துல இருக்கா? மழை லீவுக்குக் கெடு தள்ளிப்போகுமா?

4. உதவிக்கு யாரை, எத்தனை மணி வரைக்கும் கூப்பிடலாம்? சேர்றதுக்கு முன்னாடியே அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் பண்ணிப் பாருங்க. எடுக்கிறாங்களான்னு தெரிஞ்சிடும்.

5. தேர்வு எங்கே, எப்படி? வீட்டுல கேமரா முன்னாடியா, மையத்துலயா? உங்க ஊருக்குப் பக்கத்துல மையம் எது?

6. அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி அனுமதி இருக்கா? யு.ஜி.சி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்துல பல்கலைக்கழகம், படிப்பு, வருஷம் மூணையும் சரிபாருங்க. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்புல சேர அந்தத் தளத்துல டி.இ.பி ஐ.டி எடுக்கிறதும் அவசியம். அனுமதி உள்ள ஆன்லைன் டிகிரி ரெகுலர் டிகிரிக்குச் சமம்னு 2022-ல் யு.ஜி.சி தெளிவா சொல்லியிருக்கு. ஆனா, இன்ஜினீயரிங், மருத்துவம், சட்டம், நர்சிங் மாதிரி படிப்புகளை ஆன்லைன் டிகிரியா தர அனுமதியே இல்லை. யாராவது தர்றதா சொன்னா, நம்பாதீங்க.

சிக்கல் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, நேரம் தெரியுற மாதிரி. அதே நிமிஷம் ஆசிரியருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க. உங்களுக்கு மட்டும் நடந்ததுன்னா அது உங்க பிரச்னையா தெரியும். வகுப்புல 20 பேருக்கு நடந்ததுன்னு சேர்ந்து எழுதிக் கொடுத்தா, அது தளத்தோட பிரச்னைன்னு நிர்வாகத்துக்குப் புரியும்.

சரி, அந்தத் தங்கச்சிமடம் வீட்டுக்குத் திரும்புவோம். அதே மாணவி, அதே 11.40. ஆனா, இந்த முறை பாடம் ஏற்கெனவே போன்ல டவுன்லோடு ஆகியிருக்கு. விடையை நேத்தே கல்லூரி அறையில உட்கார்ந்து முக்கால்வாசி முடிச்சாச்சு. மீதியை எழுதி 'சமர்ப்பி' பட்டனை அமுக்குறாங்க. சிக்னல் இல்லை. 'சேமிக்கப்பட்டது. இணைப்பு கிடைத்ததும் அனுப்பப்படும்'னு ஒரு வரி வருது.

போனை சார்ஜ்ல போட்டுட்டுப் படுக்கிறாங்க. விடிகாலையில அப்பா அதை எடுத்துட்டுக் கடலுக்குக் கிளம்புறார். ஜெட்டிக்கிட்ட சிக்னல் கிடைச்சதும், சட்டைப்பைக்குள்ள இருந்தபடியே அந்த அசைன்மென்ட் போய்ச் சேர்ந்துடுது.